ஊத்துமேட்டுப் பாட்டு

காத்தமுத்துவுக்குக் கவிதை எழுதுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதிலும், தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் காரில் வந்து இறங்கி, "உங்க மண்ணோட குரல் நான்" என்று சொல்லும் மாதவியை அறவே ஆகாது. இந்த மண்ணில் அவள் ஒரு தடவை வழுக்கி விழுந்ததுகூட இல்லை.

ஆனாலும் நகராண்மைக் கழகத்தின் ஆட்சேப விசாரணையில் இன்று அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. ஊத்துமேட்டை வழித்துவிட்டு நாற்பது மாடி எழுப்பப்போகிறார்கள். பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் எப்போதோ போய் வீடுகளாகிவிட்டன. மிஞ்சியது அந்தப் பன்னிரண்டு ஏக்கர் காடு. பெய்கிற மழையையெல்லாம் குடித்துக்கொண்டு நிற்கிறது. அதையும் வழித்தால் கீழே தாமான் குடியிருப்பில் இருக்கும் அறுபது வீடுகளின் கதி என்ன? போன வெள்ளத்திலேயே காத்தமுத்துவின் கட்டில் மிதந்தது.

மாதவி எழுந்து தன் கவிதையை வாசித்தாள். தாய்மடி, ஆதிவனம், நம் முன்னோர் நட்ட மரங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது.

"முன்னோர் நட்டாங்களா?" கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் செந்தில் கப்பென்று பிடித்துக்கொண்டான். பணக்காரப் பங்சாரில் ஆபீஸ் வைத்திருப்பவன். "அப்ப அது காடே இல்ல. வெள்ளக்காரன் போட்ட எஸ்டேட் லா. பாதுகாக்க என்ன இருக்கு?" அதையே அதிகாரி அம்மாளுக்கு மலாயிலும் சொன்னான். அவர் குறித்துக்கொண்டார்.

மாதவி தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காட்ட வெட்டினதே நம்ம ஆளுங்கதான்," காத்தமுத்து அவள் காதருகே சீறினார். "வெள்ளக்காரன் வெட்டச் சொன்னான், வெட்டினோம். இந்த மேட்ட மட்டும் தொடாதேன்னான். அவன் ஆலைக்குத் தண்ணி அங்கேருந்துதான். தெரியாததெல்லாம் எழுதிக்கிட்டு..."

"அங்கிள், இதுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்கா?"

இருந்தது. காடு வெட்டிய பெண்கள் கட்டிய பாட்டு. மூன்று மாதமாக மாதவி கேட்டுக்கேட்டு, "மறந்துபோச்சு லா, போ" என்று அவர் விரட்டியடித்த பாட்டு. ஒரு சொல்கூட மறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். இரண்டு வரிசை தள்ளி பக்கத்து வீட்டு இராஜம்மா. அவர் மனைவி போனதிலிருந்து பதினோரு வருஷமாக மத்தியானச் சோறு கொடுத்தனுப்புகிறவள். மாரியாயியின் பேத்தி. பாட்டில் மேட்டைப் பற்றிய அதே அடிகளில்தான் மாரியாயியும் இருந்தாள். கூடவே இன்னொரு பேரும் இருந்தது.

"வேறு யாராவது பேசணுமா?" அதிகாரி மலாயில் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

காத்தமுத்து எழுந்தார். பாடினார்.

"ஆனப்பாறை மேக்காலே, அத்திமரம் கீக்காலே,
தொர மறிச்ச ஊத்துமேட்டத் தொட்டதில்லே கோடாலி.
சுள்ளி ஒண்ணு நானெடுத்தேன், மாரியாயி பாவிமக,
சின்னையாக் கங்காணி சவுக்கெடுத்துத் தோலுரிச்சான்.
ஊத்துத்தண்ணி செவந்ததடி, அவன் வம்சம் தவிக்குமடி."

மாதவி திக்கித்திணறி மலாயில் சொல்லி முடித்தாள். செந்தில் சிரித்தான்.

"பிரமாதம். பக்கத்துலயே கவிஞர வச்சிருக்கீங்க. போன வாரம் இவங்க இட்டுக்கட்டினதில்லேன்னு எப்படி நம்பறது, அங்கிள்? யாரு அந்தச் சின்னையா?"

உட்கார்ந்துவிடலாம். மறந்துபோச்சு என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம்.

"என் தாத்தன்டா," என்றார். "எங்கப்பன் பழைய ஐசி கார்டு வீட்டுல கெடக்கு, பேருக்குப் பக்கத்துல சின்னையா மவன்னு போட்டிருக்கும். கொண்டாரவா? என் வம்சத்தயே சபிக்கிற பாட்ட நான் எதுக்குடா இட்டுக்கட்டணும்?"

மாதவி அதை மலாயில் சொன்னதும் அதிகாரி பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை காலை நேரில் வருகிறோம். பாறையையும் அத்திமரத்தையும் நீங்களே காட்டுங்கள். அதுவரை முடிவு எதுவும் இல்லை."

வெளியே படிக்கட்டில் மாதவி ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். எதிரே இராஜம்மா நின்றிருந்தாள். 'அண்ணே' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.

"தெரிஞ்சேதான் என் சோத்தத் தின்னியா?"

"தெரிஞ்சேதான்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம நானும் வருவேன். பாறை, மரமெல்லாம் அவங்களுக்குக் காட்டு. எங்க பாட்டி எந்த எடத்துல அடிவாங்கினான்னு எனக்குக் காட்டு."

தாமான்காரர்கள் வந்த வேனில் ஏறி, கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. காத்தமுத்து பஸ்ஸுக்கு நடந்தார்.