பழசையே போட்டுக் குடுத்துடணும்

“புதுசு உள்ள போகும்போது கம்ப்யூட்டருக்கு வலிக்குமா, மாமா?” என்று அவளுடைய மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “தெரியலையே கண்ணு. இதுவரைக்கும் எதுவும் வாயைத் திறந்து சொன்னதில்ல.”

அது இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அண்ணன் முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தார். அவருடைய போன், தங்கையான அவள் கையில் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, நீங்க போடச் சொன்ன அப்டேட் முப்பது பர்சென்ட்லயே நிக்குது. அசைய மாட்டேங்குது. ஆஃப் பண்ணிடவா?”

அண்ணனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. வாய் தானாகப் பேசியது. “ஆஃப் பண்ணாதீங்க சார். சார்ஜர் மாட்டியிருக்கீங்கல்ல? நடுவுல ரெண்டு மூணு தடவை அணைஞ்சு எரியும், பயப்படாதீங்க. அப்படியே விட்டுட்டு வேற வேலையைப் பாருங்க.”

“அண்ணன் இல்லையாம்மா?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். “இல்ல சார்.”

“வந்தா சொல்லுங்க.”

“சரி சார்.”

வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு?”

“இருமல் சார்.”

“அவருக்கு எப்பவும் அவசரம்தான்” என்றாள் அண்ணி. பிறகு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

காலையில் கடையைத் திறந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் வேலை செய்கிறார் என்றே தெருவில் போனவர்கள் நினைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த எல்லாரும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாராவது ஒருவர் புதிதாக உள்ளே வந்தால் முதலிலிருந்து சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு அது வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது.

கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அக்கா சேதி கேட்டதும் முதல் ஆளாக வந்தவள். வந்ததிலிருந்து அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவளுடைய போன் அடித்தது. எழுந்து பின்வாசல் பக்கம் போனாள். தண்ணீர் எடுக்கப் போன தங்கைக்கு அவள் பேசியது காதில் விழுந்தது.

“நாளைக்குத் தரேன்னு சொன்னேன், இல்லேங்கல... ஸ்கூல் திறக்குதுன்னு தெரியும் சார். சட்டையெல்லாம் தைச்சாச்சு, பாக்கெட்டுல சின்னம்தான் பாக்கி. மெஷின்... இல்ல சார், வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்க. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு ஆர்டர்தான்.”

திரும்பியவள் தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, அண்ணன் உங்க வேலை ஏதாவது முடிக்காம வச்சிருந்தாரா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ போய் உங்க அண்ணிக்குத் தண்ணி குடு.”

தண்ணீரை நீட்டும்போதுதான் நேற்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. கடையைச் சாத்தும் நேரத்தில் சொன்னார். “தையல் அக்காவை நான்தான் வற்புறுத்தி கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் மாத்த வச்சேன். பழைய சிஸ்டம், எவனாவது உள்ள புகுந்துடுவான்னு பயமுறுத்திட்டேன். இப்ப பாரு, அவங்க எம்பிராய்டரி மெஷினை இந்தப் புதுசுக்கு அடையாளமே தெரியல. நாளைக்கு முதல் வேலையா பழசையே போட்டுக் குடுத்துடணும். என் தப்பு.” அவள் பாதி காதில்தான் வாங்கியிருந்தாள். அவளுக்குப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம்.

பிற்பகலில் வண்டி வந்தது. அண்ணனைக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவள் கடைக்கு நடந்தாள்.

தையல் அக்காவின் கம்ப்யூட்டர் பெட்டி மேஜைமேல் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. அண்ணன் அது வரைக்கும் வந்திருக்கிறார்.

யாருக்குப் புதுசு போட்டாலும் பழைய டிஸ்க்கை அவர் அழிக்கமாட்டார். கழற்றி, துணியில் சுற்றி, மேலே பேப்பர் ஒட்டி அலமாரியில் வைப்பார். ‘அடுத்தவங்க பொருள், பத்திரம்’ என்பார். அவள் அலமாரியைத் திறந்தாள். ‘இருமல் சார்.’ ‘ரெண்டு பூனை வீடு.’ ‘கோபக்காரர், மனசு தங்கம்.’ அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தானா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள். அடுத்து இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் ‘தையல் அக்கா, பழசு’ என்றிருந்தது. மற்றதில் ‘தையல் அக்கா, ரொம்பப் பழசு’.

எது? பழசையே என்றுதான் சொன்னார். எந்தப் பழசு? இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு பெட்டியைக்கூட அவள் திறந்ததில்லை. போனில் ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்குத் தன் கை எங்கே போகவேண்டும் என்று தெரியவில்லை. வயரை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது என்பதற்கே வெகுநேரம் ஆனது. கையில் அகப்பட்டதை முதலில் மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னியது. அவ்வளவுதான். கெடுத்துவிட்டோமோ என்று அவசரமாக அணைத்தாள்.

பட்டனை அழுத்துவதற்கு முன் அண்ணன் பெட்டிமேல் கை வைத்துக் கண்ணை மூடுவார். அவளும் வாடிக்கையாளர்களும் அதைக் கேலி செய்திருக்கிறார்கள். கடவுள் ஒருவரைக் கூப்பிடும்போது கைவேலை முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மிச்சத்தைச் செய்யப் பக்கத்தில் யாரையாவது விட்டுத்தான் கூப்பிடுகிறார். இது அண்ணனின் நம்பிக்கை. அவள் மற்ற டிஸ்க்கை மாட்டினாள். பெட்டிமேல் கை வைத்தாள். பிரார்த்தனை என்று ஒன்றும் வரவில்லை. ‘அக்காவுக்கு நாளைக்கு வேணும்’ என்று மட்டும் சொன்னாள்.

திரை வெளுத்தது. பழைய நீல நிறம் வந்தது. அதன்மேல் அக்காவின் எம்பிராய்டரி டிசைன்கள்: வாத்து, ரோஜா, கப்பல், கடைசியில் பள்ளிச் சின்னம்.

எதிர்க்கடையின் மாற்றுச் சாவி அவசரத்துக்கென்று அண்ணன் மேஜையிலேயே கிடக்கும். அவள் பெட்டியை இடுப்பில் வைத்துத் தெருவைக் கடந்தாள். உள்ளே சட்டைகள் அடுக்கடுக்காகக் காத்திருந்தன, எல்லாவற்றிலும் பாக்கெட் வெறுமையாக. எம்பிராய்டரி மெஷினின் வயரைப் பெட்டியில் செருகி இரண்டையும் போட்டாள். சிவப்பு விளக்கு கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு பச்சையானது. ஊசி இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை போய்விட்டு நடுவில் வந்து நின்றது.

எல்லாவற்றையும் அணைத்துக் கடையைப் பூட்டினாள்.

வீட்டில் சமையலறை விளக்கு மட்டும் எரிந்தது. தையல் அக்கா இன்னும் போகவில்லை. வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போயிட்ட? உங்க அண்ணி ரெண்டு தடவை கேட்டுட்டா.”

“கடையைப் பூட்டாம வந்துட்டோம்ல, அக்கா. அதான்.”

“சரி, உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க.”

அவள் உட்காரவில்லை. கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் நின்றாள். அக்கா ஒவ்வொன்றாக நீட்ட, அவள் துடைத்துக் கவிழ்த்துவைத்தாள்.