சாவுக்கு முன்னால் ஓர் அறிவிப்பு

லைட்ஹவுஸ் குப்பத்தில் யாராவது இறந்தால் பஞ்சாயத்து மைக்கில் அறிவிப்பு வரும். அன்று படகு கடலில் இறங்காது, மணலில் மீன் காயாது. வெளியூர்க்காரர்களுக்கும் அதே கட்டுப்பாடுதான்.

மே மாதத்தில் ஒருநாள், கருவாட்டு வியாபாரி தினகரனிடம் கூலிக்கு மீன் புரட்டும் செல்வம்மாள் உச்சிவெயிலில் சுருண்டு விழுந்தாள். மணலில் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இனி மணலில் இறங்க மாட்டோம் என்று தினகரனிடம் சொன்னாள், கூட வேலை செய்யும் மனோரமா. அந்த நேரத்தில் வெயிலில் நிற்க வேண்டாமென்று அரசாங்கமே சொல்கிறது என்றாள். அதெல்லாம் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் என்றான் அவன். நடுப்பகலில் புரட்டாவிட்டால், மணலில் விரித்த வலையோடு மீன் ஒட்டிக்கொள்ளும். நாளை வராதவர்கள் இனி வரவே வேண்டாம், பக்கத்து ஊர் தோணிரேவிலிருந்து ஆள் வரும் என்றும் சொல்லிவிட்டான்.

மனோரமா பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் போய்த் தலைவர் அங்கமுத்துவைப் பார்த்தாள். மதியத்துக்கு மட்டும் தொழில் நிறுத்தம் அறிவிக்கக் கேட்டாள். சட்டம் போடுவது சர்க்கார் வேலை, ஊர் நிறுத்தம் சாவுக்குத்தான் என்றார் அவர்.

"செல்வம்மா செத்திருந்தா நிறுத்தியிருப்பியாண்ணே?"

"நிறுத்தாம? ஊர் வழக்கமாச்சே."

"அப்போ ஒருத்தி சாவணும்னு காத்துக்கினு கீறியா? இன்னா பஞ்சாயத்து இது?"

பெண்கள் அந்த மைக்கைத் தொட்டதே கிடையாது. மனோரமா மைக் இருந்த அறைக்குள் போய் சுவிட்சைப் போட்டாள்.

"ஊர் ஜனங்களுக்கு சொல்லிக்கிறது இன்னான்னா, நாளையிலேர்ந்து வெயில் காலம் முடியறவரைக்கும் பன்னண்டுலேர்ந்து மூணு மணிவரைக்கும் மணல்ல யாரும் மீன் பொரட்டக்கூடாது. இன்னும் யாரும் சாவல. சாவக்கூடாதுன்னுதான் சொல்றோம்."

அங்கமுத்து வாசல்வரை வந்தார். சுவிட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அணைக்கவில்லை.

மறுநாள் மதியம் தோணிரேவுப் பெண்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். நிறுத்தம் என்று கேள்விப்பட்டதும் வலைக் கொட்டகை நிழலில் மனோரமாவோடு உட்கார்ந்துவிட்டார்கள். மைக்கில் அறிவித்த நிறுத்தத்தை மீறாத வழக்கம் அவர்கள் ஊரிலும் உண்டு. நீயே போய்ப் புரட்டு, நாங்கள் பார்க்கிறோம் என்று ஒருத்தி தினகரனைச் சீண்டினாள். வீம்புக்கு வெறுங்காலோடு இறங்கியவன் ஒரு வரிசை முடிப்பதற்குள் ஓடிவந்து தண்ணீர் டிரம்முக்குள் காலை விட்டான். கொட்டகையே சிரித்தது.

மூன்று மணிக்கு முதலில் எழுந்தவள் மனோரமா. சில மீன்கள் ஒட்டிப்போயிருந்தன. கிழிந்த ஒன்றைத் தினகரன் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்தியாக்கா? இதுக்கு யார் பதில் சொல்றது?"

"மீன் தோல்தானே தினகரா. செல்வம்மா கால்ல உரிஞ்சது இதவிடப் பெருசு. நாளைக்கு விடியறப்பவே காயப்போடு. பன்னண்டுக்குள்ள பொரட்டித் தர்றோம்."