சிவப்புக் கட்டம்

மானம் போகிறதென்றால் பூட்டிய அறைக்குள் போனால் தாங்கிக்கொள்ளலாம். அந்த விமானம் தாங்கிக் கப்பலில் மட்டும் அது கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் போகும்.

விமானிகள் கூடும் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. ஓரத்தில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கப்பலில் இறங்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சின்னக் கட்டம். நன்றாக இறங்கினால் பச்சை. சுமார் என்றால் மஞ்சள். 'இறங்காதே' என்னும் விளக்கை மீறி இறங்கினால் சிவப்பு. டீ குடிக்க வருகிறவன்கூடப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

அந்தக் கட்டங்களுக்கு நிறம் தீட்டுகிறவள் அவள். பதினெட்டு வருடம் போர் விமானம் ஓட்டியவள். இப்போது மேல்தளத்தின் பின்முனையில் நின்று, வருகிற விமானங்களை இறக்கிவிடும் அதிகாரி. கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்துவிட்டால் வருகிறவன் எந்தக் கொம்பனாக இருந்தாலும் மேலே தூக்கிக்கொண்டு போய் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் இறங்கிய பிறகு. தளத்து ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காற்று அவள் பக்கம் அடிக்கிறது என்பதை மறந்து சொல்லி, அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் வந்தார். படைத்தொகுதி முழுவதற்கும் தளபதி. ஐம்பத்தாறு வயதிலும் சட்டையில் இருக்கும் விமானிச் சிறகுச் சின்னத்தைக் கழற்ற மனமில்லாதவர். அது சட்டையிலேயே இருக்க வேண்டுமானால் வருடத்துக்கு இரண்டு முறை தானே ஓட்டிவந்து கப்பலில் இறங்கிக் காட்ட வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஏற்பாடு.

தளத்தின் குறுக்கே இரும்புக் கம்பிகள் கிடக்கும். விமானத்தின் வால் கொக்கி அதில் மாட்டினால்தான் விமானம் நிற்கும், மாட்டாவிட்டால் கடல்தான். பெரியவர் நேராக வந்துகொண்டிருந்தபோது ஒரு கம்பி சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க, கம்பிகளைக் கவனிக்கும் கம்பிக்காரர் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எரிந்தது. "மேலே போங்க! மேலே போங்க!" என்று பேசும் கருவியில் கத்தினாள்.

பெரியவர் இறங்கினார்.

கம்பிக்காரர் பக்கவாட்டில் பாய்ந்து குப்புற விழுந்தார். அவருடைய தலைக்குப் பன்னிரண்டு அடி தள்ளிச் சக்கரம் போயிற்று. அவள் ஓடிவந்து தூக்கிவிட்டாள்.

"கால் ரெண்டும் இருக்கா?"

"எண்ணிப் பாத்துட்டேன் மேடம். வீட்டுக்காரி கேட்டா கணக்கு சரியா இருக்கும்" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார், தாடை கிடுகிடுவென்று ஆடியது.

அவள் நேராகக் கீழே இறங்கிப் போய், பெரியவர் பெயருக்கு எதிரே சிவப்பைத் தீட்டினாள். வெள்ளை தெரியாமல், மூலை மூலையாக.

மத்தியானம் அவளுடைய அறைக்குப் பெரியவரின் செயலாளர் வந்தார். மடக்குக் கட்டில், மேசை, குழாயில் ஒட்டிய மகளின் படம்: அவ்வளவுதான் அறை. உட்கார இடம் தேடி, கிடைக்காமல், நின்றபடியே ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை லிஸ்ட் வருது. படைப்பிரிவுத் தலைவர் போஸ்ட்டுக்கு உங்க பேருதான் முதல்ல. கையெழுத்து போடறது யாருன்னு நான் சொல்லணுமா?"

"வேணாம் சார்."

"பெட்ரோல் கம்மியா இருந்துச்சு, வேற வழியில்லாம இறங்கினாருன்னு எழுதுங்களேன்."

"இன்னும் மூணு சுத்து வர்ற அளவுக்கு இருந்துச்சு. பாத்துட்டேன்."

"பச்சையா கேக்கறேன்? மஞ்சள் போடுங்க, போதும்."

"பேரம் பேச இது காய்கறிக் கடையா சார்?" அவள் மேசையிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள். "நீங்களே அழிச்சிடுங்க. ஆனா அழிச்ச இடத்துல அழிச்சவர் பேரு எழுதணும். இந்தப் பலகையோட வழக்கம் அது."

செயலாளர் துணியைப் பார்த்தார். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தைப் போல அதைத் தொடாமலே வெளியேறினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசப் பத்து நிமிடம் கிடைத்தது. கணவர் பல் செட் செய்கிறவர். அந்தப் பதவி வந்தால் அவளுக்கு அவருடைய ஊரிலேயே வேலை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். நடந்ததை அவள் சொல்லி முடித்தாள். மறுமுனையில் செட்டைத் தேய்க்கும் சத்தம் நின்றது.

"மஞ்சளா மாத்திட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வந்துடுவேன். ஆனா நாளைக்கு அந்தக் கம்பிகிட்ட நிக்கிற ஆளு எதை நம்பி நிப்பாரு? விளக்கு பெரிய ஆளுங்களுக்கு எரியாதுன்னு ஆயிடுமே."

தேய்க்கும் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

"சரி, மாத்தாத. ஆனா எனக்குக் கோபம்தான். அதையும் வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேங்க."

"லீவுல வரும்போது என் சாம்பாருக்கெல்லாம் கட்டம் போடாத, சொல்லிட்டேன்."

புதன்கிழமை கடல் கொந்தளித்தது. கப்பல் தலையாட்டிப் பொம்மையாக ஆடியது. பறக்கப் போகும் முன் பெரியவர் விமானிகள் அறைக்கு வந்தார். எல்லோரும் தங்கள் டீக்குள் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். அவர் பலகையைப் பார்த்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சுற்றிவந்து இறங்கும்போது தாழ்ந்து வந்தார். பின்முனை மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

கோட்டுக்கு வெளியே நின்ற கம்பிக்காரர் விமானத்தைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தார். அவள் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. விமானம் இன்னும் வந்தது, இன்னும் வந்தது. பிறகு காது கிழிய உறுமிக்கொண்டு தலைக்கு மேலாக ஏறிப் போயிற்று.

அடுத்த சுற்றில் இறங்கினார். கொக்கி மாட்டியது.

அவள் பலகைக்குப் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார், வியர்வை காயாமல்.

"இப்ப நல்லாத்தானே வந்தேன்?"

"கடைசியில இடது பக்கம் இழுத்தீங்க சார். மஞ்சள்."

அவர் கட்டம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நேத்து அந்த ஆளு உள்ள இருந்தது எனக்குத் தெரியல."

"தெரியாதுன்னுதான் சார் விளக்கு வெச்சிருக்கு."

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அவள் பெயர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் இதே கப்பல், இதே முனை. அவள் இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் குழாயில் இருந்த படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் விமானிகள் அறைக்குப் போய், யாருடைய தோளோ உரசி ஓரம் மங்கியிருந்த அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் இன்னொரு பூச்சு பூசிவிட்டு மேல்தளத்துக்கு ஏறினாள்.

அன்று முதலில் இறங்க வந்தவன் கப்பலிலேயே பெரிய வாயாடி. சிவப்பு விளக்கு எரிந்தாலே, இறங்கியபின் அரை மணி நேரம் வழக்காடுகிற இளம் விமானி. சாய்ந்து வந்தான். அவள் அழுத்தினாள். அவன் அப்போதே மேலே தூக்கிவிட்டான்.

"போறேன் மேடம், போறேன்!" என்றது கருவி. "பெரியவரே போனாரு, எனக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

கம்பிக்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.