கண்ணாடிக்காரருக்கு ஒரு நாவல்

கண்ணாடிக்காரர் மனைவிக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் வாசகர் வட்டத்தில் எல்லோரும் அவளைப் ‘பிரெஞ்சு அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பில் கிடைத்த பிரெஞ்சு நாவல் எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. யாராவது வந்து, “அக்கா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க” என்றால் போதும். ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவாள். தூக்கம் வராத பல் டாக்டருக்கு ஒரு கொலைக்கதை. ஒரே தடத்தில் ஓட்டி அலுத்துப்போன பஸ் டிரைவருக்கு ஒரு கடல்கதை. படித்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, இது தெளிவா அது தெளிவா என்று பொறுமையாகக் கேட்பவர். அந்தப் பொறுமையெல்லாம் கடையோடு சரி. வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், மனைவி எதைச் சொன்னாலும் ஒரு “ம்”தான் பதில். நாவல் என்றால் காத தூரம் ஓடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன மாதம் என்ன தோன்றியதோ, “எல்லாருக்கும் சொல்ற, எனக்கு ஒண்ணு சொல்ல மாட்டியா?” என்று கேட்டுவைத்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் ஒல்லியான ஒரு நாவலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நாவலில், துறைமுக ஊர் ஒன்றில் ஒரு பூட்டுக்காரன். எப்பேர்ப்பட்ட பூட்டையும் திறந்துவிடுவான். அவன் மனைவி பேசிப் பேசிப் பார்க்கிறாள், அவன் காதில் எதுவும் ஏறுவதில்லை. போகப் போகப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். கடைசியில் ஒருநாள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்குகிறாள்.

கண்ணாடிக்காரர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பவள் அல்லவா இவள்! கடையில் வேலை ஓடவில்லை. ஒருவருக்கு வலக்கண் லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் செய்தித்தாளைத் தொடுவதை விட்டார். “இன்னிக்கு உனக்குப் பொழுது எப்படிப் போச்சு?” என்று கேட்டும் பார்த்தார்.

“ஏன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றாள் அவள்.

இத்தனை வருஷமாகப் பேசிப் பழகாத வாய், கேட்டவுடன் பேசிவிடுமா? நாவலில் கடைசி அத்தியாயம் வந்ததும் மூடி வைத்துவிட்டார். படிக்காத வரைக்கும் அந்தப் பெண் வாசலைத் தாண்டமாட்டாள் என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது பார்த்தார். பரண் மேலிருந்த பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது.

“எங்க போற?”

“எங்க அக்கா வீட்டுக்கு.”

“எப்ப வருவ?”

“தெரியல.” அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “போறேன்னு புத்தகம் கொடுக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன். நீங்க ‘ம்’னீங்க.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அந்தப் பூட்டுக்காரன் பொண்டாட்டி... போயிடுறாளா?”

“கடைசி அத்தியாயம் படிக்கலையா?”

“பயமா இருந்துச்சு.”

அவள் கை அப்போதுதான் நின்றது.

“நானும் படிக்கல” என்றாள். “அவ பெட்டியை மூடுற இடத்தோட நிறுத்திட்டேன். நீங்க படிச்சிட்டு வந்து ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தெனமும் பார்த்தேன்.”

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாவலை எடுத்து வந்தார். கடை திறக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. ஒரு பத்தி முடிந்தது. அவள் கேட்கிறாளா, பெட்டியை மூடப்போகிறாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லாமல், விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

“ம்” என்றாள் அவள்.

அவர் அடுத்த வரியைப் படித்தார்.