துண்டுக்குள் சொன்ன வருஷம்

1

இந்தக் கதை சிங்காநல்லூர் சிக்னலில் என்னைப் பிடித்தது. முன்னால் நின்ற பெரிய வண்டியின் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாள். மாடல் 2020 என்று அச்சடித்திருந்ததை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, 2019 என்று எழுதியிருந்தார்கள். பழைய வண்டியைப் புதுசு என்று தள்ளிவிடுகிறவர்களை நமக்குத் தெரியும். புதுசைப் பழசாகத் திருத்துகிற ஆள் யார்? பச்சை விழுந்தது, வண்டி போய்விட்டது, கேள்வி மட்டும் என்னிடம் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

"கதிரேசனுக்குக் கார் என்றால் உயிர்."

பொய். அவனுக்குக் கார் என்றால் இப்போது பயம்தான். அடுத்தது:

"கருமத்தம்பட்டியில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கதிரேசன் அன்று காலையில்"

அன்று காலையில் என்ன செய்தான் என்று எனக்கே தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கதிரேசனின் அப்பா குமாரசாமிக்குச் சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் அவினாசி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன மாதம் போகிற வழியில், நீலாம்பூருக்குப் பக்கத்தில், அவர்களுடைய பழைய சின்னக் கார் நின்றுபோனது. உச்சிவெயில். வேறு வண்டி வந்து சேருவதற்குள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து கதிரேசனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வழியில் நிற்காத வண்டி. அப்பா குனிந்து நுழையாமல் ஏறி உட்காரும்படி உயரமாக இருந்தால் போதும். புதுசு வாங்க வசதி இல்லை, ஆகவே பழசு.

2

வண்டிகள் இரண்டு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், இரண்டும் வெள்ளை, இரண்டும் ஏழு சீட்டு டீசல் வண்டி.

(கம்பெனி பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நோட்டீஸைவிட உங்கள் சந்தேகம் பரவாயில்லை.)

வித்தியாசம் வருஷம்தான். ஒன்று 2019: பழைய எஞ்சின் வந்த கடைசி வருஷம். ஓடி ஓடித் தேய்ந்த வண்டி, இரண்டு கை மாறியது. மற்றது 2020: புது எஞ்சின் வந்த முதல் வருஷம், புகையை வடிகட்ட ஒரு ஃபில்டரோடு. அந்த ஃபில்டர் நெடுஞ்சாலையில் ஓட்டினால் தானே சுத்தமாகிவிடும், நெரிசலுக்குள் உருட்டினால் அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும் என்கிறார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி எப்படி? பாதி நெடுஞ்சாலை, பாதி நெரிசல்.

குழப்பம் இதோடு முடிந்தால் நான் கதை எழுதியிருக்க மாட்டேன். 2020 வண்டி கதிரேசனின் மைத்துனன் நவநீத்தினுடையது. ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறவன், ஊருக்குள்ளேயே ஓட்டியவன்.

"ஏனுங்க, தம்பி வண்டிய வேண்டாம்னு சொன்னா மொகம் வாடிப்போயிருமுங்க," என்றாள் கதிரேசனின் மனைவி லோகப்பிரியா. கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக எடுக்கோணும்னும் நாஞ் சொல்லலீங்க," என்றாள்.

"அப்ப என்னதான் சொல்ற அம்மணி?"

"அதேதானுங்க எனக்கும் தெரீல."

3

குமாரசாமி ஒரு காலத்தில் அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்து விற்றவர். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார், சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வார். இந்த இடத்தில் அவர் காரைச் சுற்றி வந்து ஒரு மகாவாக்கியம் சொல்லவேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. எழுதியும் பார்த்தேன்:

"குமாரசாமி பானட்டைத் திறந்து, மாட்டின் வாய்க்குள் பார்ப்பதுபோல்"

இல்லை. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பானட்டை எங்கே இழுத்தால் திறக்கும் என்றே தெரியாது.

தெரிந்தவர் பஷீர். உக்கடம் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிற யார்டு வைத்திருப்பவர். இரண்டு வண்டியும் அவருடைய தகரக் கொட்டகையில்தான் நின்றன. நவநீத் தன் வண்டியை விற்றுத்தரச் சொல்லி அங்கேதான் விட்டிருந்தான். பஷீரின் பெரியப்பா குதிரை வியாபாரி, அந்தியூர்ச் சந்தையில் குமாரசாமிக்குப் பழக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் யார்டுக்குக் கிளம்பினார்கள்.

கிளம்புமுன் லோகப்பிரியா மாமனாருக்கு அரை டம்ளர் காப்பி கொடுத்தாள். முந்தானையால் பிடித்துத்தான் கொண்டுவந்தாள், அத்தனை சூடு. அவர் வெறும் வலது கையில் வாங்கி, அப்படியே பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். குடித்து வைத்த பிறகு உள்ளங்கை சிவந்திருந்ததைக் கதிரேசன் பார்த்தான்.

(இந்த டம்ளரை மறந்துவிடாதீர்கள். கெட்டிக்கார எழுத்தாளன் இப்படி வெளிப்படையாகச் சொல்லமாட்டான். நான் குழம்பிப்போயிருக்கிறேன்.)

4

யார்டில் நவநீத்தும் வந்து நின்றான். நிற்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் சும்மா, மரியாதைக்கு வந்தான்.

"பாருங் மாமா, ஒரு கீறல் கெடயாது," என்று தன் வண்டியைத் தடவினான். நல்ல பையன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

குமாரசாமி இரண்டு வண்டியையும் பார்த்தார். "ஏனுங் பாய், இதுக்குப் பல்லு எங்கிருக்குது?"

"சேஸிஸ் நம்பர்லயே வருசம் இருக்குதுங்கய்யா," என்று பஷீர் சிரித்தார்.

"வருசம் கெடக்குது. வழீல நிக்காதது எது?"

பஷீர் சிரிப்பதை நிறுத்திவிட்டு நவநீத்தைப் பார்த்தார். நவநீத் கதிரேசனைப் பார்த்தான். கதிரேசன் தகரக் கூரையைப் பார்த்தான். எங்கள் பக்கத்து மரியாதை அப்படிப்பட்டது: உயிர்போகிற கேள்வி என்றாலும், மாப்பிள்ளை முறையான நவநீத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் வண்டியைக் குறை சொல்ல வாய் வராது.

"ரெண்டும் நல்ல வண்டிதானுங்கய்யா," என்றார் பஷீர்.

குமாரசாமி தோளிலிருந்த துண்டை* எடுத்தார். அதை வலது கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினார். பஷீரின் காதோரம் குனிந்து முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற கதிரேசனுக்கு மட்டும் கேட்டது: "பழசுன்னா ஒரு வெரலு, புதுசுன்னா ரெண்டு."

பஷீரின் கை துண்டுக்குள் போனது. விலை பேசுகிறார்கள் என்று நினைத்து நவநீத் நாகரிகமாகத் தள்ளிப்போய் நின்றான். துண்டு ஒருமுறை அசைந்தது. குமாரசாமி சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவராகத் தலையை ஆட்டினார். கையை எடுத்தார்.

"மாப்பள வண்டியே எடுத்துக்கலாம்."

நவநீத்தின் முகம் மலர்ந்தது. "வர்ற வெள்ளிக்கெழம நானே ஓட்டியாந்து உட்டர்றனுங் மாமா. அதுலயே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

பஷீரின் முகம் எப்படி இருந்தது? முதல் படியில் சுருங்கியது என்று எழுதினேன். இரண்டாவது படியில் அவர் புன்னகைத்தார். மூன்றாவதில் செருப்பைத் தேடிக்கொண்டு குனிந்துவிட்டார். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

* சந்தையில் விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் கை கோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. கையில் சொன்னதைப் பிறகு வாயில் சொல்வது தொழிலுக்கு அழகில்லை.

5

வீடு திரும்பும் வழியில்தான் கதிரேசனுக்கு டம்ளர் ஞாபகம் வந்தது.

சர்க்கரை அப்பாவின் சிறுநீரகத்தோடு நின்றிருக்குமா, கை நரம்பையும் தின்றிருக்குமா? அந்தக் கொதிக்கிற டம்ளரை உணராத கை, பஷீரின் விரலை உணர்ந்திருக்குமா? உணராமல், கௌரவத்துக்காகத் தலையை ஆட்டியிருந்தால்? கேட்டுவிடலாம். கேட்டால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை நீலாம்பூரில் எப்படி இருக்கும்?

பஷீரைக் கேட்டால் போயிற்று என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கேட்டான்.

"அண்ணா, அய்யா கையில சொல்லிட்டனுங்க. கையில சொன்னத வாயில சொல்லப்படாதுங்க. உங்க மச்சான் நம்ம யார்டுக்கு எத்தன பேர அனுப்புறாருன்னு உங்களுக்கே தெரியும். அய்யாவையே கேட்டுக்குங்க."

இப்போது கதையை முடிக்க என்னிடம் மூன்று வழி இருந்தது. ஒன்று, 2020 வண்டி பல வருஷம் சமர்த்தாக ஓடுகிறது, கதிரேசன் வீணாகப் பயந்தான். இரண்டு, அது நீலாம்பூரிலேயே நிற்கிறது. இதை எழுதத் தொடங்கி, குமாரசாமியின் மூச்சு இழுக்கிற இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். மூன்று, நவநீத்தே உண்மையைச் சொல்லி, நான் சிக்னலில் பார்த்த அந்த 'விற்பனைக்கு' தாளில் வருஷத்தைத் திருத்துகிறான். மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 2020-ஐ 2019 என்று திருத்தினால் அது எப்படி உண்மையாகும்? பாருங்கள், நானே எந்த வண்டி எதுவென்று மறக்கத் தொடங்கிவிட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை வாடகைக் காரில் போனார்கள். குமாரசாமியின் இடது கையில் ஊசி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை படுக்கைமேல் சும்மா கிடந்தது. கதிரேசன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் துண்டை எடுத்து அந்தக் கைமேல் போட்டான். உள்ளே கையை விட்டு, அவருடைய நடுவிரலை மட்டும் பிடித்து அழுத்தினான்.

"இது எத்தனைங்கப்பா?"

குமாரசாமி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முதலில் அதே சந்தைத் தோரணை வந்தது. வந்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கலைந்தது.

"புடிச்சிருக்கறயா, இல்ல இனிமேத்தான் புடிக்கப்போறயா கண்ணு?"

கதிரேசன் விரலை இன்னும் அழுத்தினான். "புடிச்சிருக்கறனுங்கப்பா."

"செரி. உட்றாத."

மெஷின் ஏதோ சத்தம் போட்டது, நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு பாய் எத்தன வெரலப் புடிச்சாருன்னே எனக்குத் தெரியாது. மாப்பள நின்னுக்கிட்டிருந்தான். வேற என்னத்தச் சொல்லறது?"

"நாளைக்கு நாம்போயி என்ற கையக் குடுக்கறனுங்கப்பா."

"அப்ப இந்தத் துண்டையே கொண்டுட்டுப் போ."

7

புதன்கிழமை. தகரக் கொட்டகை. இரண்டு வெள்ளை வண்டிகள். தகவல் தெரிந்து நவநீத்தும் வந்துவிட்டான், சும்மா, மரியாதைக்கு. கதிரேசன் துண்டைக் கைமேல் போட்டு நீட்டினான். பஷீர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

இதற்குமேல் எனக்குத் தெரியாது. எழுதுகிறவன் என்றாலும் நான் நிற்பது துண்டுக்கு வெளியேதான். உங்கள் கைக்கு உணர்ச்சி இருக்கிறதல்லவா? கதிரேசன் கையோடு அதையும் உள்ளே விடுங்கள். அவசரப்படாதீர்கள், வெள்ளிக்கிழமை குமாரசாமி அந்த விரல் சொல்லும் வண்டியில்தான் ஏறப்போகிறார். அழுத்துவது தெரிகிறதா? ஒரு விரலா, இரண்டா?

வாயால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நவநீத் பக்கத்தில்தான் நிற்கிறான்.