தப்பு என்மேல்தான் என்றவர்

1

இந்தக் கதை கிடைத்தபோது என் வாய் திறந்திருந்தது. மிச்சமிருக்கும் ஏழு பற்களில் ஒன்றைக் குடைந்துகொண்டே பல் டாக்டரம்மா சொன்னார்: "போன மாசம் ஒருத்தரைக் கார்ல இடிச்சிட்டேன் ஐயா. ரோட்டுல கிடந்தபடியே என்னைப் பார்த்து, 'தப்பு என்மேல, நீங்க பயப்படாதீங்க'ங்கறார்!"

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க நாக்கு துடித்தது. வாய்க்குள் இரண்டு கருவியும் ஒரு பஞ்சுமாக இருந்தால் மனிதன் எதைக் கேட்பான்? "ஆஆ" என்றேன். வலிக்கிறதாக்கும் என்று இன்னோர் ஊசி போட்டார்.

ஆகவே மிச்சத்தை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: சிவந்த அந்தி வானத்தின் கீழே, விதியின் கொடிய

(அடித்துவிட்டேன். விபத்து நடந்தது காலை பத்தேகாலுக்கு. அதில் விதி சம்பந்தப்படவில்லை; பிரேக்தான் சம்பந்தப்பட்டது.)

இரண்டாவது: அவர் ஒரு தபால்காரர். (தபால்காரர் எதற்காகத் தப்பை ஏற்கிறார்? இரண்டு பக்கம் கெஞ்சிப் பார்த்தேன். ஆள் வாயைத் திறக்கவில்லை. வேலையைவிட்டு நீக்கிவிட்டேன்.)

மூன்றாவது: அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

இப்போது விளங்கிற்று. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துப் பிழைப்பவர். பழகுகிறவர் வேலியை இடித்தாலும் குப்பைத் தொட்டியை இடித்தாலும், முதலில் ஸ்டியரிங்கில் இருக்கும் கையைப் பார்ப்பார். நடுங்கினால், "தப்பு என்மேல, நான்தான் லேட்டா மிதிச்சேன்" என்பார். பயந்த கை மறுநாள் பாடத்துக்கு வராது. ஒருமுறை வண்டி குளத்தில் இறங்கியபோது கழுத்தளவு தண்ணீரில் நின்று இதையே சொன்னார். நம்ப மாட்டீர்களா? சரி, முட்டியளவு.

பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டில் சாலையைக் கடந்தவரைக் கார் அடித்துத் தள்ளியபோதும், கண்ணாடிக்குப் பின்னால் நடுங்கிய கைதான் கண்ணில் பட்டது. வாய் தன் வேலையைப் பார்த்தது. அதைக் கேட்ட எதிர்க் கடைக்காரர் சாட்சி சொன்னார், போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

3

இடுப்பில் தகடு, வலது காலில் கம்பி. வாக்கரைப் பிடித்தால் பதினோரு அடி நடப்பார். இன்னும் ஆறு மாதம் பிசியோதெரபி வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கால் இனி பிரேக் மிதிக்காது. செலவை இடித்த காரின் காப்பீட்டுக் கம்பெனி தர வேண்டும். தப்பு அவர்மேல் என்றால் ஒரு காசு பெயராது. வாக்குமூலம் வாங்க அதிகாரி மூன்று மணிக்கு வருகிறார்.

சலவைக் கடையில் இரண்டு ஷிப்டு பார்க்கும் மனைவி, அன்று லீவு போட்டு ஒத்திகை நடத்தினாள்.

"நான்தான் ஆபீசர். சொல்லுங்க, தப்பு யார்மேல?"

"முதல்ல உக்காருங்க மேடம்."

"உபசாரம் அப்புறம். யார்மேல?"

"என்..."

"என்ன, என்?"

"என்னை இடிச்ச கார்மேல."

"அப்பாடா! எங்க, இன்னொரு தடவை."

"என்மேல."

மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஊரார் தப்பையெல்லாம் வாங்கிக்கிட்டீங்க. நமக்குள்ள சண்டை வந்தா மட்டும் ஒரு நாளாவது வாங்கியிருக்கீங்களா?"

"நீ என்னைக்குடி பயந்திருக்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

4

(டாக்டரம்மாவே ஓடிவந்து உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். அவர் லைசென்ஸ் போய்விடும். தவிர, அடுத்த வாரமும் நான் அவரிடம் வாயைத் திறக்க வேண்டும்.)

அதிகாரி வந்தார். ஒத்திகையில் இல்லாததைக் கேட்டார்.

"'தப்பு என்மேல'ன்னு சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் சொன்னீங்க?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. "அந்தம்மா கை நடுங்குச்சு சார்."

அதிகாரி படிவத்தை மேலும் கீழும் புரட்டினார். "இதை எங்க எழுதறது? ஒப்புக்கிட்டார், ஒப்புக்கல. ரெண்டே கட்டம்தான் இருக்கு."

மூன்றாவது கட்டம் ஒன்றை நான் வரைந்து பார்த்தேன். கதையில் வரையலாம், கம்பெனி ஏற்காது. ஆகவே பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். ஏதாவது ஒன்றில் கோடு போடுங்கள். போடும்போது அவர் பக்கம் மட்டும் திரும்பாதீர்கள். உங்கள் கை நடுங்குவதைப் பார்த்தால் மனிதர் வாயைத் திறந்துவிடுவார்.