சைட்டில் வைத்த பெயர்

சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதைதான் மலாக்கியைக் கெடுத்தது. அதட்டியிருந்தால் வாயை இறுக மூடியிருப்பான். அவர்களோ அவன் மனைவி டிம்ப்னா போட்ட டீயைப் பாராட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்கள்.

பர்மிங்காமில் ஐரிஷ் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்ததிலிருந்து கவென்ட்ரியில் ஐரிஷ்காரர்கள் பஸ்ஸில் வாய் திறப்பதில்லை. டிம்ப்னா கடையில் ரொட்டியைக் கையால் காட்டித்தான் வாங்குகிறாள். வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

அவர்கள் கேட்க வந்தது கொலமைப் பற்றி. மலாக்கி மேஸ்திரியாக இருக்கும் கட்டட வேலையில்தான் கொலமும் இருந்தான். இருவருக்கும் சொந்த ஊர் வட அயர்லாந்தில் ஸ்ட்ராபேன், அதிலும் ஒரே தெரு. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தவனைக் கப்பலை விட்டு இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். புதுச் சட்டப்படி குற்றம் இன்னதென்று சொல்லாமலே ஒரு வாரம் உள்ளே வைக்கலாம்.

"அவனுக்கு வேற பேர் ஏதாவது உண்டா?"

மலாக்கி சிரித்தேவிட்டான். "சைட்ல அவன் ஜான் வார்டு சார்."

கட்டட வேலையில் கணக்கில் வராமல் கைக்காசு வாங்குகிற ஐரிஷ்காரன் எவனும் ஞானஸ்நானப் பெயரில் வேலை பார்ப்பதில்லை. வரிக்காரன் தேடி வந்தால் அப்படியொரு ஆளே ஊரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். கொலமுக்குப் பெயர் வைத்தவனே மலாக்கிதான். முதல் நாள் சிமென்ட் வாளியில் கையை நனைத்து அவன் தலையில் தெளித்து, "இன்னையிலேருந்து நீ ஜான் வார்டு. உன் பாவத்தையெல்லாம் அவன் தலையில கட்டிடு" என்றான். "ஆமென், தலைவரே" என்று கொலம் மண்டியிட்டான். சைட்டே சிரித்தது.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

மலாக்கிக்கு இரண்டு இருந்தன. மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.

"எனக்கா? எனக்கெதுக்கு சார்?"

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒருவன் வாயால் இன்னொருவன் கெட்டான்.

இரண்டு நாள் கழித்து கொலமின் மனைவி பெரில் வந்தாள். கவென்ட்ரியிலேயே பிறந்த இங்கிலீஷ்காரி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உட்காரக்கூட இல்லை.

"அவரை வெளியேத்தப் போறாங்களாம். இனி இங்கிலாந்து பக்கமே தலைகாட்டக் கூடாதாம். ஆட்சேபம் இருந்தா சொல்லலாம், அமைச்சர் வச்ச ஆள் ஒருத்தர் வந்து கேப்பார்னு வக்கீல் சொல்றார். ஆனா என்ன தப்பு பண்ணார்னு மட்டும் சொல்ல மாட்டாங்களாம். திரும்பத் திரும்ப ஜான் வார்டு யாருன்னே கேக்கறாங்களாம். சைட்ல எல்லாருக்கும் இப்படித்தான்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், மலாக்கி."

அந்தப் பெயர் யார் வாயிலிருந்து போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலாக்கி அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில வக்கீல் ஆபீசுக்கு வந்துடறேன்."

அவள் போனதும் டிம்ப்னா கதவைச் சாத்தினாள்.

"போய் என்ன சொல்வே? எனக்கே ரெண்டு பேர் இருக்குன்னா? இல்லேன்னு போலீஸ்கிட்ட சாதிச்சவன் நீ."

"சொல்லிட்டா அவன் பிழைச்சுப்பான், டிம்ப்னா."

"நாம? இங்க இருபது வருஷம் இருந்தவனைத்தான் தொட மாட்டாங்களாம். உனக்குப் பன்னெண்டு. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஸ்ட்ராபேன்ல போய் எதைத் தின்பே?"

அவள் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாத பேச்சுதான் ஆளைக் கோழையாக்கும். மறுநாள் மலாக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனான். பஸ் வந்தது. கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். மலாக்கி ஷூ கயிற்றைக் கட்டுகிற பாவனையில் குனிந்துகொண்டான். பஸ் போனபிறகு, கான்கிரீட் லாரி வந்திருக்கும், ஆளில்லாவிட்டால் இறுகிப்போகும் என்று தனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு சைட்டுக்கு நடந்தான். கோட்டோடு வந்த மேஸ்திரியை எல்லோரும் கேலி செய்தார்கள். அவனுக்கு அழுகை முட்டியது.

உத்தரவு வந்தது. கொலமை வட அயர்லாந்துக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் மலாக்கி பெரிலின் தெருவழியே போகவில்லை. பூசைக்குக்கூட ஊரின் மறுகோடியில் இருந்த கோயிலுக்குப் போனான். பாவசங்கீர்த்தனக் கூண்டில் குடியைச் சொன்னான், கெட்ட வார்த்தையைச் சொன்னான். இதை மட்டும் மென்று முழுங்கினான்.

ஒரு சனிக்கிழமை அவளே வந்துவிட்டாள். கையில் சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டம்.

"உங்களுதாமே. கடன் வாங்கினாராம், மறக்காம குடுத்துடச் சொன்னார். வீட்டைக் காலி பண்ணிட்டேன். ராத்திரிக் கப்பல்."

மலாக்கி அதை வாங்கிக்கொண்டான். அதிலிருந்த சிமென்ட்டைக்கூடச் சுரண்டித் துடைத்திருந்தான் கொலம்.

"பெரில், அன்னைக்குக் காலையில..."

"விடுங்க. நீங்க வராததே நல்லதுன்னார். அந்தப் பேரை வச்சது யாருன்னு வாரம் பூரா தூங்க விடாம கேட்டாங்களாம். நானே வச்சுக்கிட்டேன்னு சாதிச்சுட்டாராம். மலாக்கிக்குச் சின்னப் பிள்ளைங்க, அவனை இதுல இழுக்காதேன்னார்."

நான்தான் சொன்னேன் என்று அவன் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே டிம்ப்னா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். மலாக்கி ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நடுவில் நிற்கவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போயேன்" என்றான்.

"நேரமில்ல." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க ஊர்ல என்னை எப்படிப் பார்ப்பாங்க? தெருவெல்லாம் எங்க இங்கிலீஷ் பட்டாளம் நிக்குதாம். என் பேச்சைக் கேட்டா இங்கிலீஷ்காரின்னு தெரிஞ்சிடுமே."

அவளுக்கு அவன் செய்த ஒரே உதவி அதற்குச் சொன்ன பதில்தான். அதையும் தலை நிமிராமல் சொன்னான்.

"கடையில வாய் திறக்காதே, பெரில். வேணுங்கறதைக் கையால காட்டி வாங்கிக்க."